கோலுக்குப் பின்னால் நின்று கேட்டது

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை கடையில் காசு கட்டும் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற ஜெர்மன்காரக் கிழவர் ஒருவரின் தோளை முகர்ந்துகொண்டு நின்று பிடிபட்டுவிட்டேன். சும்மா ஒரு மூச்சு இல்லை. கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, அடுப்பில் கொதிக்கும் குழம்புக்கு உப்புப் போதுமா என்று பார்ப்பவள் மாதிரி நன்றாக இழுத்து முகர்ந்திருக்கிறேன். அவர் திரும்பி, ஏதாவது உதவி வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும், "நீங்கள் பூசியிருக்கும் தைலம் என்னை ஒரு உதைபந்தாட்ட மைதானத்துக்குக் கொண்டுபோய்விட்டது ஐயா" என்று சொல்லும் அளவுக்கு என் ஜெர்மன் வளரவில்லை. "குட், குட்" என்று மட்டும் சொன்னேன். கிழவர் தன் தோளைத் தானே ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுச் சந்தோசமாகப் போனார்.

நீ இருந்திருந்தால் கடை வாசலிலேயே நின்று உனக்குத் தொலைபேசி எடுத்திருப்பேன். நீ சிரித்துச் சிரித்து இருமியிருப்பாய். இப்போது எடுக்க வழியில்லாததால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். "பொய். நீதானடி பள்ளிக்கூடத்தைக் கைவிட்டனி" என்று நீ திருத்துவாய். யார் யாரைக் கைவிட்டாலும் பலன் ஒன்றுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்தத் தைலத்தின் மணம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளின் மணம். மன்ஹைமுக்கு வெளியே, தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த அந்தப் புல்தரை. கிழமை முழுக்க ரொட்டித் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் கிடங்கிலும் நின்று களைத்த நம்முடைய ஆம்பிளைகள், ஞாயிறு வந்ததும் முழங்காலுக்கும் தொடைக்கும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு இருபது வயதுக்காரர் மாதிரி இறங்குவார்கள். நாங்கள் பெண்கள் வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு றோல்சும் தேத்தண்ணியும் விற்போம். எனக்கு அந்த மேசைதான் மைதானம். யார் யாரோடு கதைக்கிறார்கள், யார் புதுச் சங்கிலி போட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆட்டம். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

நீ மட்டும் அந்த மேசையில் நிற்கமாட்டாய். உன் கோப்பையை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் கோலுக்குப் பின்னால் போய்விடுவாய். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க நிக்கிற சனத்துக்கு என்ர கலியாணத்தைத் தவிர வேற கதை இல்லை. கோல் கம்பம் எனக்கு மாப்பிள்ளை பாக்காது" என்றாய். நீ மன்னார்க்காரி. பெருநாள் பூசை முடிந்தால் ஊரே பந்துக்குப் பின்னால் போகும் இடத்தில் வளர்ந்தவள். எனக்குப் பந்து என்றால் அது சன்னலை உடைக்கும் சாமான். வந்த புதிதில் அகதிகளை வைத்திருந்த ஹைமில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்த நாளிலிருந்து நம் இருவருக்கும் ஒத்துப்போகாத ஒரே விடயம் இதுதான்.

என் மனுசரை உனக்குத் தெரியும். ஊரில் பெண் பார்க்க வந்தபோது அவர் வாயைத் திறக்காததைப் பார்த்து அடக்கமான மாப்பிள்ளை என்றார்கள். இங்கே வந்து இத்தனை வருடமான பிறகும் அடக்கமாகவே இருந்தார். "சாப்பிட்டாச்சோ" என்றால் "ம்." "குளிருதோ" என்றால் "ம்." வாய்க்குள் கொழுக்கட்டை வைத்திருக்கிறாரோ என்று ஒருநாள் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார். கொழுக்கட்டை இல்லை. நான் சிரித்தேன். ஆனால் வீட்டில் ஒருவர் மட்டும் கதைத்துக்கொண்டிருப்பது எத்தனை களைப்பு என்று உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

உலகக் கிண்ணம் இந்த நாட்டில் நடந்த கோடை அது. வீதியெல்லாம் கொடி. நம்முடைய கழகத்துக்கும் காய்ச்சல் தொற்றிவிட்டது. கொலோனில் நடக்கும் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டியில் இந்த முறை கிண்ணத்தைத் தூக்கியே ஆகவேண்டும் என்று, அணியைப் பழக்கிய மாஸ்டர் சபதம் எடுத்தார். ஊரில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பித்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவருக்குத் துணையாக வால்டோர்ஃபில் கணினி வேலை செய்யும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் சேர்ந்தார். நல்ல பிள்ளை. நாம் கதைப்பதில் பாதி விளங்காவிட்டாலும் முழுதாகச் சிரிப்பார். யார் எத்தனை பந்து பறித்தார், யார் தலையால் அடித்தார், யார் எவ்வளவு ஓடினார் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கெடுத்து மாஸ்டருக்கு அனுப்பினார்.

கோலைக் காக்கும் பின்வரிசையின் கணக்கில் உன் சொந்தத் தம்பிதான் முதல். பறித்ததில் முதல், ஓடியதில் முதல், விழுந்து மறித்ததில் முதல். என் மனுசர் எல்லாவற்றிலும் கடைசி. நடுப் பின்வரிசையில் இருந்தது ஓர் இடம். அந்த இடத்தை உன் தம்பிக்குக் கொடுத்துவிட்டு என் மனுசரை வெளியே இருத்தப்போவதாக மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அன்று அவர் வீட்டுக்கு வந்து பந்தடிக்கும் சப்பாத்தைக் கழுவி, துடைத்து, கடதாசியில் சுற்றி, நிலவறையில் கொண்டுபோய் வைத்தார். நான் என் வழக்கப்படி விடவில்லை. "நல்லதாப் போச்சு. இனி ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெங்காயம் உரிக்க ஒரு ஆள்" என்றேன். அவர் "ம்" கூடச் சொல்லவில்லை. அதுவரை அவருடைய பேசாமையில் ஒரு வகைதான் உண்டு என்று நினைத்திருந்தேன். இது வேறு வகை. 

உனக்குத் தொலைபேசி எடுத்து இதையும் ஒரு பகிடியாகச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

"எடியே விசரி, நீ ஒருநாளாவது கோலுக்குப் பின்னால வந்து நிண்டிருக்கிறியே?"

"அங்க என்ன கிடக்கு?"

"வாற ஞாயிறு வா. றோல்ஸ் பொரிக்காட்டில் சனம் செத்துப்போகாது."

அந்த ஞாயிறு பக்கத்து ஊர் அணியோடு ஒரு பழகும் ஆட்டம். உன் தம்பிக்கு வேலை முடியப் பிந்தும் என்பதால் முதல் பாதிக்கு என் மனுசர் இறங்கினார். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கோலுக்குப் பின்னால் நிறுத்தினாய். அங்கிருந்து பார்த்தால் நம்மவர்களின் முதுகுகள்தான் தெரியும். "இதைப் பாக்கவோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனி?" என்று கேட்டேன். "பாக்க இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு கேள்" என்றாய்.

யாரோ ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். நிறுத்தவேயில்லை. "இடப்பக்கம், இடப்பக்கம்... ஒட்டி நில்லு... விடு, அவனை ஓட விடு, அங்கால வழி இல்லை... நல்லது ராசா, நல்லது... பின்னுக்கு ஒருத்தன் வாறான், நான் பாக்கிறன், நீ பயப்பிடாதை... ஏறு! ஏறு!" அந்த "ஏறு" கேட்டதும் பின்வரிசை நான்கு பேரும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள் போல முன்னுக்கு நகர்ந்தார்கள். எதிரணிக்காரன் ஒருவன் கடை பூட்டிய பிறகு வந்த வாடிக்கையாளர் மாதிரித் தனியே பின்னால் நின்றான். நடுவர் ஓஃப்சைட் என்று விசில் ஊதினார்.

"யாரடி இந்தக் கத்தல்காரன்?" என்று கேட்டேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பகிடி செய்கிறேன் என்று நினைத்தாய். பிறகு, இல்லை என்று விளங்கிவிட்டது.

"உன்ர புருசன்தான்" என்றாய், மெல்ல.

ராசாவாம். பயப்பிடாதையாம். எனக்கு ஒருநாளும் கிடைக்காத ராசா, அவருக்குப் பக்கத்தில் நின்று விளையாடிய, பயறு விற்கும் கடைக்காரரின் மகனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. வெங்காயம் உரித்த கை என்று சொல்லிச் சமாளித்தேன். 

இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாற, நாமும் மற்றக் கோலுக்குப் பின்னால் போய் நின்றோம்; உன் தம்பி இறங்கினான். என்ன ஓட்டம்! வலப்பக்கம் ஓடிப் பறித்தான், இடப்பக்கம் பாய்ந்து மறித்தான். மேசைப் பக்கமிருந்து ஒரே கைதட்டு. நானும் தட்டினேன், உன் தம்பி என்ற பாசத்தில். நீ என் கையைப் பிடித்து இறக்கினாய்.

"கைதட்டு எங்க விழுதோ, அங்கதான் ஓட்டை" என்றாய். "என்ர தம்பி பிழையான இடத்தில நிக்கிறான். அதாலதான் ஓடவேண்டிக் கிடக்கு. அவன் ஓடினாப்போல மற்ற மூண்டு பேரும் ஆளுக்கொரு திக்கில. ஒருத்தனும் வாய் திறக்கிறான் இல்லை, பார்." உண்மைதான். பின்வரிசை ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக இருந்தது. முதல் பாதியில் நம்முடைய கோல்காப்பாளர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். இரண்டாம் பாதியில் அவருக்கு மூச்சுவிட நேரம் இல்லை.

இதோடு நீ நிறுத்தியிருந்தால் அது நமக்குள் ஒரு கதையாகப் போயிருக்கும். அடுத்த பயிற்சிக்கு நீ மாஸ்டரையும் கோயம்புத்தூர்த் தம்பியையும் கோலுக்குப் பின்னால் கூட்டிவந்தாய். என் மனுசரைக் கொஞ்ச நேரம் விளையாடவிட்டு, பிறகு வெளியே எடுத்து, உன் தம்பியை விட்டு, இரண்டையும் கேட்க வைத்தாய்.

"அவனுக்கு வயசு போட்டுது பிள்ளை. ஓட ஏலாது" என்றார் மாஸ்டர்.

"ஓம் மாஸ்டர், ஓட ஏலாதுதான். ஓடத் தேவையில்லாத இடத்தில முதலே போய் நிக்கிறார். மற்றவையையும் கொண்டுவந்து நிப்பாட்டுறார். அவர் பறிக்கேல்லை எண்டு எழுதியிருக்கு. பறிக்கிறதுக்கு அந்தப் பக்கம் பந்து வந்தால்தானே?"

கோயம்புத்தூர்த் தம்பி கோல் வலையில் கை கோத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, நீங்க சொல்றது நல்லாப் புரியுதுங்க. வராத பந்த நான் எந்தக் கட்டத்துல போடறதுங்க?"

"போட வேண்டாம் தம்பி. ஞாபகம் வைச்சிருங்கோ, காணும்."

"ஆனா அவரோட வேகம் நெசமாவே கம்மிங்க அக்கா. வேகமான ஆளு ஒருத்தன் தனியாப் புடிச்சுட்டான்னா முடிஞ்சுது. அதயும் ஞாபகம் வச்சுக்கோங்க."

"அதுவும் சரிதான்" என்று நீ ஒத்துக்கொண்டாய். 

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பவும் போட்டார். "இருக்கிறது ஒரு இடம். அப்ப உன்ர தம்பியை வெளியில இருத்தச் சொல்லுறியோ?"

நான் உன் முகத்தைப் பார்த்தேன். அந்தத் தம்பியை ஊரிலிருந்து கூப்பிட நீ எத்தனை அலுவலகப் படி ஏறினாய் என்று எனக்குத் தெரியும். கொலோனில் அவன் விளையாடுவதைப் பார்க்க லண்டனிலிருந்து உங்கள் சித்தப்பா குடும்பம் வருவதாக இருந்ததும் தெரியும். 

"ஓம்" என்றாய்.

அது தம்பியின் காதுக்குப் போய்விட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவன் உன்னோடு கதைப்பதை நிறுத்தினான். நீ வைத்த சோற்றைச் சாப்பிட்டான், உன்னைப் பார்க்கவில்லை. "இப்ப எனக்கும் ஒரு ஊமை கிடைச்சிருக்கிறான். உன்னட்டப் பழகவேணும், எப்பிடிச் சமாளிக்கிறது எண்டு" என்று நீ எனக்குச் சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் சத்தம் மட்டும்தான் இருந்தது. என் வீட்டுக்கு ஒரு குரலைத் தருவதற்காக உன் வீட்டுக் குரலைக் கொடுத்துவிட்டாய். அப்போது நான் நன்றி சொல்லவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறி கொண்டுவந்து தந்தேன். உனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பது கதவைத் தட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கொலோனில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், நம்முடைய பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அதைவிடப் பெரிய பாராட்டு ஒரு பின்வரிசைக்குக் கிடையாது. அரையிறுதிவரை பந்து நம்முடைய கோலை விருந்தாளி மாதிரி எப்போதாவதுதான் எட்டிப் பார்த்தது. அரையிறுதியில் கோயம்புத்தூர்த் தம்பி சொன்னது நடந்தது. பாரிசிலிருந்து வந்த அணியின் மெல்லிய பையன் ஒருவன் என் மனுசரைத் தனியாகப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் ஓடினார்கள் என்று சொல்வது மரியாதைக்காக. ஒருவர் ஓடினார், ஒருவர் வழியனுப்பினார். ஒரு கோல். அதோடு தோற்றோம். 

அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததுதான் எனக்குக் கிண்ணம். வெளியே இருத்திய உன் தம்பி, மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கிலில் இருக்கமாட்டாமல் எழும்பி, சுற்றிக்கொண்டு, நாம் நின்ற இடத்துக்கு வந்தான். உனக்குப் பக்கத்தில் நின்றான். இரண்டு பேரும் மைதானத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். என் மனுசர் கத்துவதை அவன் நெடுநேரம் கேட்டான். பிறகு முன்னால் பார்த்தபடியே, "தேத்தண்ணி இருக்கோ?" என்றான். நீயும் முன்னால் பார்த்தபடியே உன் கோப்பையை நீட்டினாய். அடுத்த பருவத்தில் மாஸ்டர் வரிசையை மாற்றி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒருவர் கதைக்க, ஒருவர் ஓட. கோயம்புத்தூர்த் தம்பி கதை, ஓட்டம் இரண்டையும் கைதட்டி வரவேற்றார்.

அதைப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று வெளித்தது. முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டால் வராத கதை, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் வருகிறது. நான் இத்தனை வருடமும் மேசைக்கு எதிரே இருந்து, கண்ணைப் பார்த்து, "ஏன் கதைக்கிறியள் இல்லை?" என்று பொலிஸ் மாதிரி விசாரித்திருக்கிறேன். எதிரே நிற்பவர் எதிரணிக்காரர் அல்லவா? 

கொலோனிலிருந்து வந்த கிழமை, அவர் பாத்திரம் கழுவும்போது நான் போய்ப் பக்கத்தில் நின்று துடைத்தேன். இருவரும் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் வாயே திறக்கவில்லை. எனக்கு அது எத்தனை பெரிய தவம் என்று உனக்குத் தெரியும். மூன்றாவதோ நான்காவதோ நாள், ஒரு சட்டியைக் கழுவிக்கொண்டே, "இஞ்சேர், அந்த முதல் பனி விழுந்த நாள் எனக்குச் சரியான பயம்" என்றார். எந்தப் பயம், எப்படி, ஊரில் விட்டுவந்த அண்ணன், எல்லைக் காட்டில் நடந்த இரவு எல்லாம் ஒவ்வொரு சட்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சட்டி தீர்ந்தால் நான் அலுமாரியில் இருந்த சுத்தமான பாத்திரத்தையும் எடுத்துத் தொட்டிக்குள் போட்டேன். அவருக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கழுவினார்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் கட்டிலுக்கு எதிரே நின்று உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதார்கள். "இஞ்ச வா, நீயாவது பக்கத்தில இரு. முன்னுக்கு நிண்டு என்னைப் பாக்காதை" என்றாய். கதிரையை இழுத்து உன் தலைமாட்டுக்குப் பக்கத்தில் போட்டு, நீ பார்த்த சன்னலையே நானும் பார்த்துக்கொண்டு இருந்தேன். வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் காரை எடுக்கத் தெரியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்ததைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். நீ சிரித்தாய், அந்த முறை உண்மையாகவே. 

அதைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் யாரோடும் கதைக்காத கிழவி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, அவள் பார்க்கும் மரத்தை நானும் பார்க்கிறேன். அவள் சொல்வதில் பாதி எனக்கு விளங்குவதில்லை. "குட், குட்" என்கிறேன். அவள் தொடர்ந்து சொல்கிறாள். என் மகளுக்கு ஏதும் மனக்குறை என்றால் எதிரே இருத்தி விசாரிப்பதில்லை. காரில் ஏற்றிக்கொண்டு எங்கேயாவது ஓடுகிறேன். ஞாயிறில் றோல்சைப் பொரித்து வைத்துவிட்டுக் கோலுக்குப் பின்னால் போய்விடுகிறேன். ஒரு பின்வரிசை நல்லதா என்று கேட்டால், யார் எத்தனை பறித்தார் என்று நான் கேட்பதில்லை. ஒருவருக்குப் பிழைத்தால் மற்றவர் திட்டுகிறாரா, ராசா என்கிறாரா என்று கேட்கிறேன். இதற்கெல்லாம் சேர்த்து உனக்கு நன்றி. கத்தரிக்காய் இல்லாமல்.

இந்த வசந்தத்தில் உன் நினைவாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். உன் படத்துக்கு மாலை போட்டு, உன் தம்பி மெழுகுதிரி கொளுத்தினான். விளையாட்டை விட்டுவிட்ட என் மனுசரும் உனக்காக அன்று இறங்கி உன் தம்பிக்குப் பக்கத்தில் நின்றார். ஆட்டம் தொடங்குமுன் ஒரு நிமிட அமைதி. எல்லோரும் அவரவர் இடத்தில் தலை குனிந்து நின்றார்கள். அந்த நேரம் பக்கத்து மைதானத்திலிருந்து யாருடையதோ ஒரு பந்து உருண்டு வந்தது. என் மனுசர் "ஏறு!" என்று கத்தினார். பின்வரிசை நான்கு பேரும், குனிந்த தலை குனிந்தபடியே, ஒரே நேரத்தில் முன்னுக்கு ஏறினார்கள். நடுவர் ஜெர்மன்காரர். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், விசிலை ஊதி எல்லோரையும் பழைய இடத்துக்கு அனுப்பினார், அமைதியை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி வைத்தார்.